பூக்க மறந்த நாட்டு ரோஜா: மேற்கு மாம்பலத்து வீட்டுத் தோட்டத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய தனி வீடு. வாசல் பக்கம் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நீளமாக ஒரு பாத்தி, சுவரின் மேல் பாதியில் இரும்புக் கம்பி கிரில். பாத்தியில் ரோஜாச் செடிகள் மூன்று. மூன்றுக்கும் ஒரே மண், ஒரே தண்ணீர். ஒன்று வருடம் முழுவதும் பூக்கிறது. இன்னொன்று நோஞ்சானாக இருந்தாலும் அவ்வப்போது பெரிய பூ ஒன்றைக் காட்டுகிறது. மூன்றாவதுதான் அந்த வீட்டிலேயே வயதான செடி. தளதளவென்று இலை தள்ளுகிறது, வெட்ட வெட்ட ஆள் உயரத்துக்குக் கிளை விடுகிறது, ஆனால் சில வருடங்களாக ஒரு மொட்டுகூட வைக்கவில்லை.

இந்த ஆய்வு அந்த மூன்றாவது செடியைப் பற்றியது. 2024 செப்டம்பரிலிருந்து 2025 கோடை வரை அதைத் தொடர்ந்து பார்த்துவந்தேன். சென்னையில் பழைய ரோஜா வைத்திருக்கும் பல வீடுகளில் இதே கதைதான். செடி நன்றாக வளரும், பூக்காது. கடைசியில் யாராவது 'இது காட்டுச் செடியாகிவிட்டது' என்று சொல்ல, பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். பிடுங்கியே இருக்க வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஒரு செடியின் வேரில் இன்னொரு செடியை ஒட்டி வளர்க்கும் ஒட்டு ரோஜாவுக்கு என்று ஏற்பட்ட பராமரிப்பு விதிகளை அப்படியே நாட்டு ரோஜாவுக்கும் செய்கிறோம். பூ நிற்பதற்கு முதல் காரணம் பெரும்பாலும் அந்தக் கவனிப்புதான்.

செடி வந்த வழி

வீட்டுக்கார மாமிக்கு எழுபது வயதுக்கு மேல். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், கும்பகோணம் பக்கத்தில் கொல்லையில் இருந்த செடியிலிருந்து மாமியார் வெட்டிக் கொண்டுவந்து ஊன்றிய குச்சி இது. ஒட்டு இல்லை, சொந்த வேர். இந்த ஒரு தகவல்தான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது, ஆகவே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அதற்குப் பன்னீர் ரோஜா என்று பெயர். "தை பிறந்துடுத்துன்னா கூடை நெறையப் பறிப்போம். பூஜைக்குப் போக மீதியை எங்க மாமியார் கல்கண்டு போட்டு குல்கந்து பண்ணிடுவா" என்றார் மாமி.

பூ நின்றது எப்போது என்று கேட்டபோது அவரால் வருடம் சொல்ல முடியவில்லை, நடந்தவற்றை வரிசையாகச் சொல்ல முடிந்தது. முதலில் தென்கிழக்கில் இருந்த ஓட்டு வீட்டை இடித்து மூன்று மாடி ஃபிளாட் கட்டினார்கள். அப்புறம் பழைய தோட்டக்காரர் வயதாகி ஊருக்குப் போய்விட்டார், மாதம் ஒருமுறை வரும் புதியவர் வந்தார். அதே சமயத்தில் நர்சரியிலிருந்து ஒட்டு ரோஜா ஒன்றும் வாங்கி வைத்தார்கள். அந்த வரிசையில் பூ குறைந்துகொண்டே வந்து நின்றுவிட்டது.

பக்கத்தில் எப்போதும் பூக்கிறதே, அது பட்டன் ரோஜா. சின்னச் சின்னக் கருஞ்சிவப்புப் பூ, கொத்துக் கொத்தாக. சீனத்து ரோஜா வம்சம். மூன்று செடிகளும் ஒரே பாத்தியில் இருந்தது எனக்குப் பெரிய உதவி. ஒன்றை வைத்து மற்றொன்றைச் சோதித்துப் பார்க்க முடிந்தது.

முதலில் சந்தேகப்பட்டவை

தண்ணீரிலிருந்து ஆரம்பித்தேன், சென்னையில் எல்லோரும் அங்கேதான் ஆரம்பிப்போம். வீட்டில் போர் தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஆயிரத்துக்கு மேல் காட்டியது. அதன் விளைவு ஒட்டு ரோஜாவில் நன்றாகவே தெரிந்தது. இலை ஓரம் கருகியிருந்தது, புதுத் துளிர்கள் வெளிறிய மஞ்சளாகவும் அவற்றின் நரம்பு மட்டும் பச்சையாகவும் இருந்தன. மண் உவராகிக் காரத்தன்மை ஏறும்போது, இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போவதன் அடையாளம் அது. ஆனால் பழைய செடியின் இலையில் அதன் சுவடே இல்லை. கரும்பச்சையாக, தடிப்பாக, ஓரம் கருகாமல் இருந்தது. தண்ணீர்தான் பூவைத் தடுத்தது என்றால் இலையையும் விட்டுவைத்திருக்காது.

(ஒட்டு ரோஜாவுக்கு என்ன செய்தோம் என்று கேட்பவர்களுக்கு: காரத்தன்மை ஏறிய மண்ணில் இ.டி.டி.ஏ. வகை இரும்புக் கலவை சீக்கிரமே பயனற்றுப் போகிறது. இ.டி.டி.எச்.ஏ. வகையை வாங்கி வேரில் ஊற்றினோம். புதிய துளிர்கள் பச்சையாக வந்தன.)

அடுத்தது வெயில். ரோஜாவுக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மணிக்கு ஒருமுறை குறித்து வைத்தார். ஒன்பது மணிக்கு மேல் பாத்தியில் வெயில் விழுகிறது, இரண்டு மணி தாண்டியதும் வீட்டு நிழல் மூடுகிறது. ஐந்து மணி நேரம், அதாவது ஓரளவு போதும். ஆனால் மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். நண்பகலிலும் சென்னையில் அது தலைக்கு நேராக வராது, தெற்கு வானில் ஐம்பத்து நான்கு பாகை உயரத்தில்தான் நிற்கும். தென்கிழக்கில் மூன்று மாடி இருக்கும் வீட்டில் அந்த மாதங்களில் இன்னும் ஒரு மணி நேரமாவது வெயில் போய்விடும். பழைய ரோஜாக்கள் பெரிய சுற்றுக்கு மொட்டு கட்டும் பருவமும் அதுதான். ஆகவே நிழலுக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் நிழல் மட்டும் காரணமாக இருந்தால் பூ குறைந்திருக்கும், நாலைந்தாவது வந்திருக்கும். முற்றிலும் நிற்பதற்கு அது போதாது.

மூன்றாவது உரம். தோட்டக்காரர் ஒவ்வொரு முறையும் ஒரு பிடி யூரியா போட்டுவிட்டுப் போவார். மாமி தினமும் காபிப் பொடிச் சக்கையைக் கொட்டுவார். தழைச்சத்து இவ்வளவு கிடைத்தால் செடி இலையும் கிளையுமாக வளருமே தவிரப் பூவைப் பற்றி நினைக்காது. யூரியாவை நிறுத்தச் சொன்னேன். காபிச் சக்கை பரவாயில்லை, மக்கிய எருவோடு கலந்தால் நல்லதுதான்.

இதெல்லாம் சேர்ந்தும் விஷயம் முழுதாக விளங்கவில்லை. விளங்கியது, தோட்டக்காரர் வந்த அன்று நான் அங்கே இருந்தபோது.

ஏழு இலை

அவர் வந்தார், கிளை வெட்டும் கத்தரியான சிகேச்சரை எடுத்தார், பழைய செடியிடம் போனார். அடியிலிருந்து வந்திருந்த இளங்கிளைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இலையை எண்ணினார். ஒரு காம்பில் ஐந்து சிற்றிலை இருந்தால் விட்டார். ஏழு இருந்தால் அடியோடு வெட்டினார். ஏன் என்று கேட்டேன். "ஏழு இலை வந்தா காட்டுச் செடிங்க. விட்டா மேல ஒட்டுன செடிய அழிச்சிரும்" என்றார். மாமியும் தலையாட்டினார். "நர்சரிலயும் அப்படித்தாம்பா சொன்னா."

அவர் சொன்னதில் பாதி உண்மை. நர்சரியில் வாங்கும் ரோஜாக்களில் பெரும்பாலானவை ஒட்டுச் செடிகள். கீழே வேருக்கு ஒரு செடி, மேலே பூவுக்கு இன்னொரு செடி. வேர்ச்செடியாக நம் பக்கத்தில் பெரும்பாலும் மல்டிஃப்ளோரா என்ற ரோஜாவை வைத்து ஒட்டுவார்கள். அதன் இலையில் ஏழும் ஒன்பதுமாகச் சிற்றிலைகள் இருக்கும். ஒட்டுக்குக் கீழிருந்து அந்தக் கிளை கிளம்பினால் சாப்பாட்டையெல்லாம் அது எடுத்துக்கொண்டு மேலே இருக்கும் பூச்செடி மெலிந்துபோகும் என்பதும் சரி. ஆனால் வேர்ச்செடிக் கிளை என்று அடையாளம் காண இலையை எண்ணுவது போதாது. கிளை எங்கிருந்து வருகிறது என்று மண்ணை விலக்கிப் பார்க்க வேண்டும். ஒட்டு முடிச்சுக்குக் கீழே என்றால்தான் சந்தேகம். அப்புறம் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் சின்னச் செதிலைப் பார்க்க வேண்டும். மல்டிஃப்ளோராவில் அது சீப்புப் பல் மாதிரி நுனி நுனியாகப் பிளந்திருக்கும். இலை எண்ணிக்கை ஏமாற்றும், இது சுலபத்தில் ஏமாற்றாது.

அந்த வீட்டு ஒட்டு ரோஜாவின் அடியில் அப்படி ஒரு கிளை இருக்கவே செய்தது, அதன் செதிலில் பல் பல்லாக இருந்தது. அதைத் தோட்டக்காரரிடம் காட்டினேன். பக்கத்திலேயே பழைய செடியின் கிளையைக் காட்டினேன். செதில் ஒட்டிய ஓரத்தோடு வழவழவென்று இருந்தது, பிளவு எதுவும் இல்லை. இரண்டையும் விரலில் வைத்துப் பார்த்துவிட்டு "இது வேற, அது வேறதான்" என்றார்.

பழைய செடியில் ஒட்டே கிடையாது. மாமியார் ஊன்றிய குச்சி அது. மேலே ஒரு செடி கீழே ஒரு செடி என்ற பேச்சுக்கே இடமில்லை. அடியிலிருந்து வரும் ஒவ்வொரு கிளையும் அதே ரோஜாதான். நன்றாக ஓடி வளரும் இளங்கிளையில் ஏழு சிற்றிலை வருவது பழைய ரோஜாக்களுக்குச் சாதாரணம். பல வருடங்களாக, அந்தச் செடியின் பலமான புதுக் கிளைகளையே தேடித் தேடி வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மிச்சம் இருந்தவற்றுக்கு ஐப்பசியில் கவாத்து. முழங்கால் உயரத்துக்கு ஒரே மட்டமாக வெட்டிவிடுவார்கள். ஒட்டு ரோஜாவில் பெரும்பாலானவை, நர்சரிகள் ஹைபிரிட் டீ என்று சொல்பவை, அப்படி வெட்டினால் நாற்பது, நாற்பத்தைந்து நாளில் புதுத் தண்டின் நுனியில் பூ வைக்கும். இந்தச் செடிக்குப் பழக்கம் வேறு. முந்தைய பருவத்தில் நீண்ட கிளை நின்று, முற்றி, அதன் கணுக்களிலிருந்து சிறு பக்கக் கிளைகள் கிளம்பி அவற்றின் நுனியில் பூக்கும். கிளையே நிற்க விடாவிட்டால் பூவுக்கு இடம் எங்கே?

எந்த ரோஜா இது

நம்மூரில் பன்னீர் ரோஜா என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் புழங்குகின்றன. ஒன்று டமாஸ்க் வகை. தண்டு முழுக்கச் சின்னதும் பெரியதுமாக நெருக்கமான முள், இலையின் அடிப்பக்கம் சாம்பல் பூத்தாற்போல மெல்லிய ரோமம், வெளிறிய ரோஸ் நிறப் பூ. இன்னொன்று எட்வர்ட் ரோஜா என்று விவசாயிகளும் வேளாண் பல்கலைக்கழகமும் சொல்லும் செடி. உதிரிப் பூவுக்காகத் தமிழ்நாட்டில் பயிரிடுகிறார்கள். மாமி வீட்டுச் செடியில் முள் அடர்த்தி இல்லை. அகலமான அடியோடு கீழே வளைந்த முட்கள் இடைவெளி விட்டு இருந்தன. இலை வழவழப்பு. கிளை நெடுநெடுவென்று ஓடும் தன்மை. எட்வர்ட்தான் என்று தோன்றியது, ஆனால் பூவைப் பார்க்காமல் எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை.

எட்வர்ட் ரோஜாவின் பூர்வீகம் சுவாரசியமானது. இந்தியப் பெருங்கடலில் இன்று ரீயூனியன் என்று சொல்லப்படும் தீவுக்கு அன்று பூர்போன் என்று பெயர். அங்கே குடியேறிய பிரெஞ்சுக்காரர்கள் வயல் வேலிக்கு இரண்டு ரோஜாக்களைச் சேர்த்து நட்டார்கள். ஒன்று வருடத்தில் இரண்டாவது முறையும் பூக்கும் டமாஸ்க், மற்றொன்று சீனத்திலிருந்து வந்த ரோஸ் நிற ரோஜா. வேலியில் இரண்டும் தாமாகக் கலந்து பிறந்த புதுச் செடியை 1817 வாக்கில் அங்கு வந்த தாவரவியலாளர் ப்ரேயோன் கவனித்தார். விதையைப் பாரிஸுக்கு அனுப்பினார். ஆர்லியன் கோமகனின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ழாக் அதை முளைக்க வைத்தார். பூர்போன் ரோஜாக்கள் என்ற ஒரு வம்சமே அதிலிருந்து வந்தது. முதல் ஹைபிரிட் டீ என்று கருதப்படும் லா பிரான்ஸ் வெளிவந்தது 1867 இல். அதற்கு முன்பிருந்த வகைகளைத்தான் ரோஜாக்காரர்கள் பழைய தோட்ட ரோஜாக்கள் என்கிறார்கள். ஆக மாமியார் ஊன்றிய குச்சி நாம் நினைப்பதைவிட நெடுந்தூரம் வந்த செடி.

சென்னையில் இந்தச் செடி பூப்பதற்கு அந்தச் சீனத்துப் பெற்றோர்தான் காரணம். ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் பலவற்றில் வசந்தம் முடிந்ததும் பூப்பதற்குத் தடை போடும் ஒரு மரபணு வேலை செய்கிறது. கே.எஸ்.என். என்று பெயர். சீனத்து ரோஜாக்களில் அந்த மரபணுவுக்குள் ஒரு அந்நியத் துண்டு புகுந்து அதைச் செயலிழக்கச் செய்துவிட்டது. தடை போனதால் அவை பூத்துக்கொண்டே இருக்கின்றன. பட்டன் ரோஜா பன்னிரண்டு மாதமும் பூப்பதன் ரகசியம் இதுதான். பூர்போன் ரோஜாக்கள் அந்த அளவுக்கு இல்லை. ஒரு பெரிய சுற்று, அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக. இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கால்லிகா, ஆல்பா என்ற ஐரோப்பியப் பழைய ரோஜாக்களைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டு வரவழைக்கிறார்கள் சிலர். குளிரில் உறங்கி எழுந்து வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் செடிகள் அவை. பொங்கல் சமயத்தில்கூட இரவுக் குளிர் இருபது டிகிரியை ஒட்டியே நிற்கும் ஊரில் அவற்றை வைத்துத் துன்புறுத்த வேண்டாம். டமாஸ்க்கில் திரும்பப் பூக்கும் வகை, பூர்போன், சீனத்து ரோஜா, பழைய டீ ரோஜா, இவை நம் ஊருக்குச் சரி.

மழைக்காலம்

ஐப்பசிக் கவாத்தை அந்த வருடம் செய்யவில்லை. இதைத் தோட்டக்காரரிடம் சொல்லிச் சம்மதிக்க வைக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. அவர் வாதம் நியாயமானது, எல்லா வீட்டிலும் அப்போதுதான் வெட்டுகிறார்கள். ஆனால் சென்னைக்கு வருடத்தில் வரும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கொட்டுகிறது. பச்சையாக வெட்டிய வாயில் நாள் கணக்கில் ஈரம் நின்றால் பூஞ்சை புகுந்து நுனியிலிருந்து அடிவரை கிளை கறுத்துக் காய்ந்து வரும். வெட்டியதும் வரும் இளந்துளிரில் கரும்புள்ளி நோய் ஏறும். கவாத்து வேண்டும் என்றால் மழை ஓய்ந்த மார்கழி கடைசியில் செய்வது நல்லது.

செய்தது இவ்வளவே. ஏற்கெனவே காய்ந்திருந்த கட்டைகளை உள்சோறு வெள்ளையாகத் தெரியும் இடம் வரை வெட்டி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசையைப் பூஞ்சை புகாமல் தடவினோம். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் சிகேச்சரை ஸ்பிரிட்டில் துடைத்தோம். பாத்தியிலிருந்து மழைநீர்த் தொட்டிக்கு ஒரு சின்ன வாய்க்கால் எடுத்தோம். 2003 இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது கட்டிய தொட்டி, தூர் எடுத்ததும் நன்றாகவே வேலை செய்தது. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது தெருவில் தண்ணீர் தேங்கி நின்றது, பாத்தியில் நிற்கவில்லை. மழை இன்னொரு உபகாரமும் செய்தது. வருடம் முழுக்கப் போர் தண்ணீர் விட்டு மண்ணில் சேர்ந்திருந்த உப்பை அடித்துக்கொண்டு போய்விட்டது.

கரும்புள்ளி வந்தது. அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. உதிர்ந்தவற்றைப் பொறுக்கிக் குப்பையில் போடுவது மாமியின் காலை வேலை ஆயிற்று. மருந்து எதுவும் அடிக்கவில்லை. செடிக்குப் பலம் இருந்தது, மேல் இலைகள் நின்றன. மார்கழி முடியும்போது ஆறேழு புதுக் கிளைகள், சில ஏழடி உயரம், பலவற்றில் ஏழு சிற்றிலை.

கிளையை வளைத்தது

இங்கேதான் சிகிச்சையின் மையம். நிமிர்ந்து நிற்கும் கிளையின் நுனி, ஆக்சின் என்ற பொருளை உண்டாக்கிக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். நுனி உயிரோடு ஓங்கி நிற்கும்வரை கீழே உள்ள கணுக்கள் விழிக்காது. கிளையைப் படுக்கை வாட்டில் வளைத்துக் கட்டிவிட்டால் நுனியின் அந்த ஆதிக்கம் தளர்ந்துவிடும். கிளை நெடுக உள்ள கணுக்கள் விழித்துக்கொண்டு ஒவ்வொன்றும் ஒரு பூங்கிளை விடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியத் தோட்டங்களில் பூர்போன் ரோஜாக்களின் நீண்ட கிளைகளைத் தரையோடு வளைத்து முளை அடித்து வைப்பார்கள். நமக்குத் தரை வேண்டாம், காம்பவுண்டு கிரில் இருக்கிறது.

பொங்கல் முடிந்த வாரம் கட்டினோம். முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, வெயில் ஏறிய பிறகு, தண்டு கொஞ்சம் தளர்ந்திருக்கும் நேரத்தில் ஆரம்பித்தோம். பச்சை மாறாத அந்த வருடக் கிளைகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். பழுப்பேறிய பழைய கிளைகளை வளைத்தால் அடியில் கிழியும், அவற்றைத் தொடவில்லை. ஒரே இழுப்பில் வளைக்காமல், ஒரு கையால் அடியைத் தாங்கிக்கொண்டு மறு கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, பழைய பருத்திப் புடவைக் கிழிசலால் தளர்வாகக் கிரில்லில் கட்டினோம். நைலான் கயிறு தண்டை அறுத்துவிடும். இரண்டு பக்கமும் விசிறியாகப் பரப்பி, நுனிகள் லேசாகக் கீழ்நோக்கும்படி விட்டோம். ஒரே ஒரு கிளையை மட்டும் வேண்டுமென்றே நிமிர்ந்தபடி விட்டுவைத்தேன். எது பலன் தந்தது என்று தெரிய வேண்டாமா?

கட்டிய பிறகு இரண்டு கை மக்கிய சாணமும் ஒரு பிடி மரச்சாம்பலும் வேரைச் சுற்றிப் போட்டோம். மழைநீர்த் தொட்டித் தண்ணீர் தீரும்வரை அதையே விட்டோம்.

பூ

தை முடிவதற்குள் வளைத்த கிளைகளில் கணுவுக்குக் கணு செம்பழுப்புத் துளிர் எட்டிப் பார்த்தது. ஒவ்வொன்றும் ஒரு சாண் வளர்ந்து, நாலைந்து இலை விட்டு, நுனியில் மொட்டு கட்டி நின்றது. மாசி முதல் வாரத்தில் முதல் பூ. மாமி போனில் கூப்பிட்டு "வந்து பாரேன்" என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை. நான் போனபோது ஒரே கிளையில் பதினொரு மொட்டு எண்ணினேன். அந்தக் காலை எனக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது என்று எழுதினால் பக்கம் போதாது.

நிமிர்த்தி விட்டிருந்த கிளை? அதுவும் பூத்தது, நுனியில் மட்டும் மூன்று பூ. அடியிலிருந்து முக்கால் பாகம் கணுக்கள் தூங்கிக்கொண்டிருந்தன. இந்த ஒரு கிளை இரண்டு விஷயங்களைப் பிரித்துக் காட்டியது. வெட்டாமல் விட்டதும் யூரியா நிறுத்தியதும் சேர்ந்து பூவைத் திரும்பக் கொண்டுவந்தன, வளைத்ததுதான் அதைப் பெருக்கியது. வெட்டாததற்கு எவ்வளவு பங்கு, யூரியாவுக்கு எவ்வளவு பங்கு என்று ஒரே செடியை வைத்துப் பிரிக்க முடியாது. ஃபிளாட்டின் நிழல் அப்படியேதான் இருந்தது, இருந்தும் பூத்தது.

பூவைப் பார்த்ததும் அடையாளச் சந்தேகமும் தீர்ந்தது. பளிச்சென்ற அடர் ரோஸ், கிண்ண வடிவம், உள்ளே இதழ்கள் ஒழுங்கில்லாமல் சுருண்டு, முழுதும் விரிந்ததும் நடுவில் மஞ்சள் மகரந்தம் தெரிந்தது. நர்சரி ரோஜாவின் கூரான நீள மொட்டு இல்லை, உருண்டையான குட்டை மொட்டு. டமாஸ்க் இல்லை, எட்வர்ட்தான்.

வாசனை சூரியன் ஏறுவதற்கு முன் உச்சத்தில் இருக்கும். ஆறரை மணிக்கு கேட்டைத் திறக்கும்போதே தெரியும், பத்து மணிக்கு மூக்கைப் பூவில் வைத்தால்தான் தெரியும். ரோஜா மணத்துக்கு முக்கியமான ஜெரானியால் போன்ற பொருள்கள் பூவிதழில் உண்டாகி ஆவியாகிப் போகின்றன, வெயில் ஏறினால் சீக்கிரம் தீர்ந்துவிடும். பன்னீர் வடிப்பவர்கள் விடியற்காலையில் பறிப்பதும் அதனால்தான். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூன்று டன்னுக்கு மேல் பூ வேண்டும். 2015 இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஜெரானியால் உருவாவதற்கு என்.யு.டி.எக்ஸ்.1 என்ற நொதி காரணம் என்று கண்டறிந்தார்கள். மணமுள்ள ரோஜாக்களின் இதழில் அது மும்முரமாக வேலை செய்கிறது, மணமில்லாத சில புது வகைகளில் ஏறக்குறைய இல்லை. கடையில் வாங்கும் நீளத்தண்டு ரோஜா ஏன் மணப்பதில்லை என்று மாமி கேட்டபோது இதைத்தான் சொன்னேன். "அழகுக்கும் தாங்கறதுக்கும் வளர்த்துட்டு வாசனையை விட்டுட்டா, இல்லையா" என்றார். அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

முதல் சுற்றில் இலைப்பேன் வந்தது. இதழ் ஓரம் பழுப்பாகி, சில மொட்டுகள் விரியாமலே கருகின. மொட்டை வெள்ளைக் காகிதத்தின் மேல் தட்டினால் நூல் துண்டு அளவில் ஓடும் பூச்சிகள் விழும். பாதித்த மொட்டுகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலத்தில் அடித்தோம். நீல நிற ஒட்டுப்பொறி ஒன்றைக் கிரில்லில் தொங்கவிட்டோம். பங்குனிப் பூக்கள் சுத்தமாக இருந்தன.

கோடையும் இனி செய்ய வேண்டியதும்

சித்திரையில் பூ சிறுத்து, நிறம் வெளுத்து, ஒரே நாளில் உதிர்ந்தது. சென்னை வெயிலில் அது இயல்பு. இலையின் அடியில் சிவப்புச் சிலந்திப் பேன் ஏறியதால், வாரம் இருமுறை ஹோஸ் பைப்பால் இலையின் அடிப்பக்கத்தை வேகமாகக் கழுவினார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. வேரை மூடத் தென்னை மட்டைத் தூள். கத்திரி வெயிலில் கவாத்து, உரம் எதுவும் கிடையாது.

உங்கள் வீட்டுப் பன்னீர் ரோஜா டமாஸ்க் வகையாக இருந்தால் இவ்வளவு வளைக்கத் தேவையில்லை. அது குட்டையாகப் புதராக வளரும், பூத்து முடிந்ததும் நுனியை லேசாகக் கிள்ளினால் போதும். பட்டன் ரோஜாவைக் காய்ந்த குச்சி எடுப்பதைத் தவிர வெட்டவே வேண்டாம். எந்த வகையானாலும், ஏழு இலை என்று யாராவது சிகேச்சரை எடுத்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தச் செடியில் ஒட்டு இருக்கிறதா? தெரியவில்லை என்றால் அடியில் மண்ணை விலக்கிப் பாருங்கள். வீங்கிய முடிச்சு இல்லையென்றால் எந்தக் கிளையையும் பூவைப் பார்க்கும்வரை விட்டுவையுங்கள்.

ஜூலையில் மழை தூறத் தொடங்கியதும் இரண்டு வேலை பாக்கி. முற்றிய கிளையிலிருந்து பென்சில் கன அளவில், ஒரு சாண் நீளத்தில் குச்சிகள் வெட்டி நிழலில் வேர் பிடிக்க வைக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே நாலு வீட்டில் கேட்டுவைத்திருக்கிறார்கள், தோட்டக்காரரும் தனக்கு ஒன்று வேண்டும் என்றிருக்கிறார். இரண்டாவது, பூத்து ஓய்ந்த பழைய கிளை ஒன்றை அடியோடு எடுத்து, புதுக் கிளைக்கு இடம் விட வேண்டும். வருடத்துக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். எது என்று மறக்காமல் இருக்க அந்தக் கிளையின் அடியில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறோம்.